சித்தப்பா பட்டறையில் மூன்று வருஷம்

வாசகர் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறவர், சேலத்து நூற்பாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு மூன்று வருஷமாகச் சித்தப்பாவின் கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். சம்பளம் கையில்தான், பிஎஃப் கிடையாது. எங்கள் சரக்கு ஒரு வியாபாரி மூலம் சென்னையில் ஒரு பெரிய நகைக்கடைக்குப் போகிறது. இப்போது கோவையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறேன். "அந்த நகைக்கடையிலேயே வேலை பார்த்ததாகப் போடு, சித்தப்பா பேச்சையே எடுக்காதே. சொந்தக்காரரிடம் பார்த்ததை யார் வேலையாக மதிப்பார்கள்?" என்கிறான் நண்பன். என்ன எழுதுவது?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: தம்பி, நகைக்கடையின் பெயரை முதலில் அடித்துவிடுங்கள். அங்கே நீங்கள் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது வியாபாரியைத்தான். கம்பெனியிலிருந்து ஒரு போன் போனால், "அப்படி யாரும் இங்கே இருந்ததில்லையே" என்பார்கள். அதோடு நீங்கள் நிஜமாக உழைத்த மூன்று வருஷத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். போன்கூட வேண்டாம். பெரிய கம்பெனிகள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைக் கேட்டு, எந்த முதலாளி எந்த மாதத்திலிருந்து பிஎஃப் கட்டினார் என்று பார்த்துவிடுகின்றன. நகைக்கடை என்று எழுதிவிட்டு அங்கே மாட்டிக்கொள்வீர்கள். பட்டறை என்று எழுதினால் பிஎஃப் இல்லாதது ஒரு குறையே இல்லை. 20 பேருக்குக் குறைவாக இருக்கிற இடத்துக்குப் பொதுவாக அது கட்டாயமில்லை என்பது வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

சரி, சித்தப்பா என்று சொல்வதா? சொல்லத்தான் வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். 1998-ல் என் அக்கா மகன் எங்கள் மில்லில் எட்டு மாதம் அப்ரண்டிஸாக இருந்தான். வேறொரு மில்லில் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அனுபவக் கடிதம் கேட்டான். மில் லெட்டர்ஹெட்டில் நானே டைப் அடித்து நானே கையெழுத்துப் போட்டேன். நேரம் தவறமாட்டான், அறுந்த இழையை ஓடுகிற ரிங் ஃபிரேமிலேயே ஒட்டிவிடுவான், ராத்திரி ஷிப்டுக்கு முகம் சுளிக்கமாட்டான். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

ஒரு வாரம் கழித்து அந்த மில்லின் அதிகாரி போன் செய்தார். "பையன் நல்லா பேசறான் மேடம். 'எங்க சித்தி அங்கதான் இருக்காங்க'ன்னு அவனே சொன்னான். உங்க லெட்டர்ல அது இல்லையே?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். 22 வயதுப் பையனுக்குச் சொல்லத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. "இவன் என் அக்கா மகன், வேலையை மேற்பார்த்தவர் மேஸ்திரி, அவரையும் கேளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கடிதம் எடுபட்டிருக்கும். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். பிறகு மேஸ்திரியிடம் கடிதம் வாங்கி அனுப்பி, ஒரு மாதம் தள்ளித்தான் வேலை கிடைத்தது. அந்த ஒரு மாதமும் அக்கா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இனி உங்கள் பயோடேட்டா. 'கணக்காளர்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். கொலுசுப் பட்டறைக் கணக்கு லேசுப்பட்டதா? வெள்ளியை எடை போட்டுத் தொழிலாளியிடம் கொடுக்கிறீர்கள். அது கம்பியாகி, பற்றவைத்து, சலங்கை ஏறி, கொலுசாகத் திரும்பி வருகிறது. மறுபடி எடை போடுகிறீர்கள். குறைந்தது எவ்வளவு, அதில் சேதாரமாக ஒத்துக்கொண்டது எவ்வளவு, பற்றவைப்பில் கூடியது எவ்வளவு, கூலி எவ்வளவு, முன்பணத்தில் கழித்தது எவ்வளவு. இரண்டு கிராம் பிசகினால் வாசலில் சண்டை. இப்படி ஒவ்வொரு தொழிலாளியின் நோட்டையும் மூன்று வருஷம் பார்த்திருக்கிறீர்களே, அதை எழுதுங்கள்:

"செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தப்பா நடத்தும் கொலுசுப் பட்டறையில் மூன்று ஆண்டுகள். வெள்ளி எடைக் கணக்கு, சேதாரக் கணக்கு, கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி பில். சரக்கு மொத்த வியாபாரி மூலம் சென்னைக்குச் செல்கிறது."

இதில் ஜிஎஸ்டி நீங்கள் பார்க்கவில்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள். விசாரிக்கச் சித்தப்பாவின் பெயரோடு, உறவில்லாத ஒருவர் பெயரும் கொடுங்கள். சரக்கு எடுக்கிற வியாபாரியோ பட்டறையின் ஆடிட்டரோ இருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சேலத்தில் தறியானாலும் கொலுசானாலும் குடும்பத்தோடு நடக்கிற தொழில். சொந்தக்காரரிடம் வேலை பார்த்தார் என்பதற்காக ஒரு விண்ணப்பத்தையும் நான் தள்ளியதில்லை.

கேள்வி: ஏற்காட்டில் மூன்று அறை வைத்து நானும் மனைவியும் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். இணையத்தில் எங்களைப் பற்றி இருக்கிற 11 விமர்சனங்களில் ஆறு, மைத்துனர் குடும்பமும் நண்பர்களும் எழுதியது. அவர்களிடம் வாடகை வாங்கவில்லை. நன்றாக இருந்தது என்று மனதாரத்தான் எழுதினார்கள். இப்போது ஒருவர், ஐந்து ஸ்டார் போடுகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்கச் சொல்கிறார். தப்பா?
— வாசகர், ஏற்காடு

பதில்: தள்ளுபடி யோசனையை இன்றே விட்டுவிடுங்கள் ஐயா. ஐந்து ஸ்டாருக்கு மட்டும் என்று காசு கொடுத்தால் அது எழுதியவருக்குக் கூலி.

மைத்துனர் விஷயம் மனசு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுத்து, ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் கேட்டில் வந்து நிற்கிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்த 11 பேரும் தங்களைப் போலப் பணம் கட்டித் தங்கியவர்கள் என்று நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் தவறாகப் பயன்படுத்தக் கூடாது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறையும் இதைத்தான் கேட்கிறது. பரிந்துரைக்கிறவருக்கும் வியாபாரிக்கும், படிக்கிறவர் எதிர்பார்க்காத தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிரபலங்களுக்காக 2023 ஜனவரியில் வந்த விளக்கத்தில் இலவசத் தங்கலும் குடும்ப உறவும்கூடத் தொடர்பில் சேர்த்தி. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் மூன்று அறையைத் தேடி டெல்லியிலிருந்து வருவார்கள் என்று பயமுறுத்தவில்லை. நியாயம் ஒன்றுதான் என்கிறேன்.

சொந்தக்காரர்களும் பணம் வாங்கியவர்களும் எழுதுவதைப் பல தளங்கள் ஏற்பதில்லை. அந்த ஆறையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மைத்துனர் சொன்னதை உங்கள் சொந்தப் பக்கத்தில், உதாரணத்துக்கு, இப்படிப் போடுங்கள்: "இது என் அக்கா வீடு. வாடகை கொடுக்காமல் நான்கு நாள் இருந்தோம். பாய்லர் சூடேற அரை மணி ஆகும். மழை நாளில் பின் அறைச் சுவரில் ஈர வாடை உண்டு. காலையில் மிளகுக் கொடி ஏறின மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வந்தால், அக்கா தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்த காபி தருவாள்." இதைப் படித்தால் நானே அறை கேட்டு போன் செய்வேன். ஈர வாடையைச் சொன்னவர் காபியைப் பற்றியும் சரியாகத்தான் சொல்வார் என்று தோன்றும்.

கேள்வி: எங்கள் ஆலை ஜவ்வரிசியைச் சேகோசர்வ் என்கிற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் வழியாக ஒரு வியாபாரி எடுக்கிறார். அவர் மகாராஷ்டிராவில் பிரபலமான ஒரு பிராண்டுக்குக் கொடுக்கிறார். நாங்கள் அந்த பிராண்டின் சப்ளையர் என்று போர்டு வைக்கலாமா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம். அவர்கள் உங்களிடம் வாங்கவில்லை. 1981-லிருந்து இருக்கிற சேகோசர்வில் நீங்கள் உறுப்பினர் என்றால் அதையே எழுதுங்கள், அது சின்ன விஷயமில்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ள நீங்கள் பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களுக்கு வாடிக்கையாளர் அந்த வியாபாரிதான். அவரிடம் கேட்டு, சம்மதித்தால் அவர் பெயரைப் போடுங்கள்.