ஆறாம் நம்பர் ஊசியும் அகன்றுபோன ஸ்வெட்டரும்

கேள்வி: நான் குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அம்மாவிடம் கற்றுக்கொண்ட ஸ்வெட்டர் பின்னலை நாற்பது ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு பேத்தி என் கைபேசியில் ராவல்ரி என்ற பின்னல் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, வரிசை எண்ணும் செயலி ஒன்றையும் போட்டுத் தந்தாள். அந்தத் தளத்தில் எடுத்த பேட்டர்னில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் என்றும் ஊசி 'யு.எஸ். 6' என்றும் இருந்தது. என்னிடமுள்ள ஆறாம் நம்பர் ஊசியில் 220 கண்ணிகள் போட்டு மருமகனுக்குப் பின்னினேன். மார்புச் சுற்று 100 செ.மீ. வர வேண்டியது, 116 செ.மீ. வந்துவிட்டது. நடுவில் யாராவது அழைத்தால் வரிசைக் கணக்கும் தவறிவிடுகிறது. வேறு மூன்று வேலைகள் பாதியில் நிற்கின்றன. இதைவிட நல்ல செயலி ஏதேனும் வாங்க வேண்டுமா, அல்லது பழையபடி தாளையும் பென்சிலையும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: செயலி எதையும் வாங்க வேண்டாம், இருப்பதை நீக்கவும் வேண்டாம். ஸ்வெட்டர் அகன்றதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அது கைபேசியிலும் இல்லை, உங்கள் கைப்பழக்கத்திலும் இல்லை. உங்கள் அம்மா காலத்து ஊசிகளில் பொறித்திருப்பது பழைய பிரிட்டிஷ் எண். கம்பியின் தடிமனை அளக்கும் முறையிலிருந்து வந்த அந்த வரிசையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். நம் ஊர்க் கடைகளில் இன்றும் பத்தாம் நம்பர் ஊசி என்று கேட்டால் 3.25 மி.மீ. ஊசியையும், எட்டாம் நம்பர் என்று கேட்டால் 4 மி.மீ. ஊசியையும் எடுத்துத் தருவது இந்தக் கணக்கில்தான். அமெரிக்க எண் இதற்கு நேர் எதிராக ஓடுகிறது: எண் கூடினால் ஊசி தடிக்கும். பேட்டர்ன் கேட்ட யு.எஸ். 6 என்பது 4 மி.மீ.; உங்களிடமுள்ள ஆறாம் நம்பர் ஊசி 5 மி.மீ. பிரிட்டிஷ் எட்டு அமெரிக்க ஆறாகவும், பிரிட்டிஷ் ஆறு அமெரிக்க எட்டாகவும் இருப்பதால் இந்த இரண்டு எண்களிலும்தான் மிகுதியானோர் இடறுகிறார்கள். இடையிலுள்ள ஏழு மட்டும் இரண்டு முறைகளிலும் 4.5 மி.மீ. என்பதால் ஏழாம் எண்ணில் பின்னியவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரியாமலே போய்விடும். இனி எந்தப் பேட்டர்னிலும் எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். துளைகள் இட்ட ஊசி அளவுத் தகடு ஒன்றை வாங்கிக்கொண்டால், எண் அழிந்துபோன பழைய ஊசிகளையும் ஒரே மாலையில் அளந்து பிரித்துவிடலாம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் என்றால் 220 கண்ணிகளுக்கு 100 செ.மீ. வரும். ஸ்வெட்டர் 116 செ.மீ. வந்திருப்பதால், உங்கள் துணியில் 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 19 கண்ணிகள்தான் விழுந்திருக்கின்றன. மூன்று கண்ணி வித்தியாசம் ஊசியில் இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. அதுவே உடம்பைச் சுற்றி வரும்போது ஒரு சாண் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. பொதுவாக, ஊசி அரை மி.மீ. மாறினால் 10 செ.மீ.யில் ஒன்றிலிருந்து இரண்டு கண்ணிகள் வரை கூடும் அல்லது குறையும். ஒரு மி.மீ. மாறியதற்கு மூன்று கண்ணிகள் குறைந்தது இயல்பான விளைவே.

ஆனால் சரியான ஊசியை எடுத்திருந்தாலும் அளவு சரியாக வந்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பேட்டர்னில் கேஜ் என்றும் பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் டென்ஷன் என்றும் குறிப்பிடப்படும் கண்ணி அளவு, அதை வடிவமைத்தவரின் கைக்கு வந்த அளவு. அதே நூலையும் அதே ஊசியையும் கொடுத்தாலும் இறுக்கமாகப் பின்னுபவருக்கு 24 கண்ணிகள் வரலாம். அவர் பின்னும் ஸ்வெட்டர் 92 செ.மீ. கூட எட்டாமல் மருமகனின் தோளிலேயே நின்றுவிடும். ஒருவருக்கே மூங்கில் ஊசியில் வரும் அளவும் வழவழப்பான உலோக ஊசியில் வரும் அளவும் வேறுபடும். ஆகவே மாதிரித் துண்டு பின்னாமல் ஸ்வெட்டர் தொடங்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குல்லாய்க்கும் மப்ளருக்கும் வேண்டுமானால் மன்னிக்கலாம்.

மாதிரித் துண்டு பின்னுபவர்களிலும் பலர் அதைப் பயனில்லாமல் பின்னுகிறார்கள். இருபது கண்ணிகள் போட்டு நான்கு விரல் உயரம் பின்னி, ஊசியில் இருக்கும்போதே ஸ்கேலை வைத்து அளந்தால் கிடைப்பது நமக்குப் பிடித்த விடையே தவிரச் சரியான விடை அல்ல, ஏனென்றால் ஓரக் கண்ணிகள் எப்போதும் தளர்ந்தோ சுருண்டோ இருக்கும், ஊசியில் கோத்திருக்கும் வரிசையும் துணியை இழுத்துப் பிடித்திருக்கும். குறைந்தது 15 செ.மீ. சதுரமாகப் பின்னி, கண்ணிகளை அடைத்து, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, தரையில் விரித்து முழுவதும் உலர விட்டு, அதன் பிறகு நடுவிலுள்ள 10 செ.மீ.யை மட்டும் அளக்க வேண்டும். துவைக்கும் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி தண்ணீர் பட்டதும் நன்றாகவே நீண்டுவிடும். சாதாரணக் கம்பளி ஈரத்தில் கண்ணிகளைச் சமன் செய்துகொள்ளும். அக்ரிலிக் நூல் ஈரத்துக்கு அதிகம் அசையாது, ஆனால் இஸ்திரிப்பெட்டியின் சூடும் ஆவியும் பட்டால் துள்ளலை இழந்து தொய்ந்துவிடும், பிறகு அதை மீட்க முடியாது. வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னப்போகும் ஸ்வெட்டர் என்றால் மாதிரியையும் சுற்றிப் பின்னிப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு துணியின் நேர்ப்பக்கத்தில் போடும் நிட் வரிசையை விட, மறுபக்கத்தில் போடும் பர்ல் வரிசை சற்றுத் தளர்வாக வருவதால், திருப்பித் திருப்பிப் பின்னிய துண்டின் அளவு சுற்றுப் பின்னலுக்குப் பொருந்தாது.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனை இழை முறுக்கியது என்பது நூலின் தடிமனைச் சொல்வதில்லை. பிரிட்டனில் டிகே (டபுள் நிட்டிங்) என்று விற்கும் நடுத்தரத் தடிமனை ஆஸ்திரேலியாவில் 8 பிளை, அதாவது எட்டு இழை, என்கிறார்கள். வெளிநாட்டுப் பேட்டர்னுக்கு உள்ளூர் உல்லன் நூலை வாங்கும்போது, 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று உறையில் பாருங்கள். டிகே நூல் 200 முதல் 250 மீட்டர் வரை இருக்கும், சாக்ஸுக்கான மெல்லிய நூல் 400 மீட்டரை ஒட்டி இருக்கும். மீட்டர் கணக்கு உறையில் இல்லாத நூலை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஸ்வெட்டருக்கு வாங்க நான் தயங்குவேன்.

அடுத்து வரிசைக் கணக்கு. செயலி 37 என்று காட்டுகிறது. 37 வரிசைகள் முடிந்துவிட்டனவா, அல்லது இப்போது பின்ன வேண்டியது 37-ஆவது வரிசையா? அழைப்பு முடிந்து திரும்பி வந்ததும் உங்களைக் குழப்புவது இந்த ஒரு கேள்விதான் என்று நினைக்கிறேன். வரிசையை முடித்து, துணியைத் திருப்பிய பிறகே பொத்தானை அழுத்துவது என்று பழக்கப்படுத்திக்கொண்டால், திரையில் தெரியும் எண் எப்போதும் முடிந்த வரிசையைக் குறிக்கும். அழைப்பு மணி அடித்தாலும் வரிசையின் முனை வரை பின்னிவிட்டு எடுங்கள். அவசரம் என்றால் மறுபடி அழைப்பார்கள். ஊசியின் முனையில் மாட்டும் பழைய பிளாஸ்டிக் வரிசை எண்ணியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் சார்ஜ் தீர்வதில்லை, அழைப்பும் வருவதில்லை. செயலியின் மேன்மை, முதுகுப்பக்கம், கை, கழுத்துப்பட்டி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கலாம் என்பதும், எட்டு வரிசைக்கு ஒருமுறை கண்ணிகளைக் குறுக்கே மாற்றிப் பின்னும் கேபிள் திருப்பத்தை நினைவூட்டச் சொல்லலாம் என்பதும்தான்.

எண்ணி எதுவானாலும், துணியைப் படிக்கத் தெரிந்திருப்பது அதைவிட மேல். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள உங்களுக்கு இது ஓரளவு கைவந்திருக்கும்: நேர்ப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் ஒவ்வொரு 'வி' வடிவமும் ஒரு வரிசை, ஊசியிலுள்ள கண்ணியும் ஒரு வரிசை. இருபது வரிசைக்கு ஒருமுறை திறந்துமூடும் சிறு வளையக் குறி ஒன்றைக் கண்ணியில் மாட்டிவிட்டால் கடைசி இருபதைத் தவிர வேறு எதையும் எண்ண வேண்டியிருக்காது. துளைப் பின்னல் வேலை என்றால் இன்னொரு பாதுகாப்பும் செய்துகொள்ளுங்கள்: வேறு நிறத்தில் வழவழப்பான மெல்லிய பருத்தி நூலை மொட்டை ஊசியில் கோத்து, ஊசியிலிருக்கும் எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஓட்டி விடுங்கள். பின்னால் எங்கே தவறினாலும் அந்த வரிசை வரை துணிந்து பிரிக்கலாம், ஒரு கண்ணி கூட நழுவாது. முனை மாற்றும் வட்ட ஊசிகள் சிலவற்றில் கழுத்தருகே ஒரு பொடித் துளை இருக்கும். அந்தப் பருத்தி நூலை அதில் கோத்துக்கொண்டு பின்னினால் அது தானாகவே கண்ணிகளுக்குள் ஓடிவிடும்.

கைபேசியை எண்ணுவதற்கு வைத்துக்கொள்வதை விட, பார்ப்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் பயன்படுத்துங்கள். நூல் வாங்கிய அன்றே உறையைப் படம் எடுங்கள், குறிப்பாக லாட் நம்பர் தெரியும்படி. ஒரே நிறமானாலும் வேறு வேறு முறை சாயம் போட்ட நூல்கள் மின்விளக்கில் ஒன்றாகத் தெரிந்து வெயிலில் காட்டிக்கொடுக்கும். நானே ஒரு முறை அடர்நீல ஸ்வெட்டர் ஒன்றுக்கு இரண்டு பந்து குறைந்துபோய், வேறு லாட்டில் வாங்கி முடித்து, ஒரு கை மட்டும் வெளிறிய ஸ்வெட்டரை ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி வேறு லாட்டில்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை பழைய பந்தையும் புதிய பந்தையும் மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு விழாது. பல நிறப் பின்னல் தொடங்கும் முன், நூல் பந்துகளை அருகருகே வைத்துப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்களாக இருந்தும், கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் உங்கள் பூ வேலைப்பாடு இரண்டடி தள்ளி நின்றாலே மறைந்துவிடும். முடித்த பகுதியைப் படம் எடுத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். மடியில் கிடக்கும்போது கண்ணுக்குத் தப்பிய தவறு, திரையில் உடனே தெரிந்துவிடும்.

ராவல்ரி 2007-இல் தொடங்கிய தளம். பேட்டர்ன் கடையாக மட்டும் அதைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பேட்டர்னையும் பின்னி முடித்தவர்கள் தங்கள் நூல், ஊசி, அளவு ஆகியவற்றோடு இட்டிருக்கும் பக்கங்களை முதலில் படியுங்கள். கை நீளம் அதிகம், கழுத்து விரிகிறது போன்ற குறைகள் அங்கேதான் தெரியும். செயற்கை நுண்ணறிவு வரைந்த அழகான படத்தை வைத்துப் பின்னவே முடியாத பேட்டர்ன்களை விற்பவர்களும் இணையத்தில் இருப்பதால், ஒருவர் கூடப் பின்னி முடித்ததாகக் காட்டாத பேட்டர்னுக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது. வீடியோ பார்க்கும்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கற்றுத் தருபவர் நூலை இடக்கையில் பிடித்து ஊசியால் கொத்தி எடுப்பவராகவும், நீங்கள் வலக்கையால் நூலைச் சுற்றுபவராகவும் இருந்தால், அவரது பர்ல் அசைவை அப்படியே பின்பற்றும்போது கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்து முறுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. கண்ணியின் வலக்கால் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு உங்கள் வழக்கப்படியே பின்னுங்கள்.

பாதியில் நிற்கும் மூன்று வேலைகளைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. கண்ணை எடுக்காமல் பின்ன வேண்டிய ஒன்றும், பேசிக்கொண்டே பின்னக்கூடிய ஒன்றும் கையில் இருப்பது பின்னுபவர்களுக்கு இயல்பு. சிக்கல் வருவது, ஒன்றிலிருந்து ஊசியை உருவி இன்னொன்றுக்குப் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பழையதைக் கையில் எடுக்கும்போது அது எந்த ஊசி என்று தெரியாமல் போவதில். கண்ணி போட்டபின் மிஞ்சும் நூல்வாலில், ஊசி எத்தனை மி.மீ.யோ அத்தனை முடிச்சுகளைப் போட்டு வையுங்கள். அரைக்கு, சற்றுத் தள்ளி ஒரு முடிச்சு. எந்தச் செயலியும் செய்யாத வேலை இது. பேட்டர்ன் கைபேசியில் மாறலாம், முடிச்சு அந்தத் துணியோடேயே இருக்கும்.

மருமகனின் ஸ்வெட்டரைப் பிரித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பக்கங்களில் மடித்துத் தைத்து 16 செ.மீ. குறைத்தால் அக்குள் கெட்டுவிடும். மேலும் உங்கள் பேட்டர்னின் அளவுக்கு ஏற்ற டிகே நூலை 5 மி.மீ. ஊசியில் பின்னிய தளர்ந்த துணி போடப்போடத் தொய்யும். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி நான்கு இடங்களில் கட்டி, கம்பளியாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிழியாமல் தொங்கவிடுங்கள், சுருள் நீங்கிவிடும். அக்ரிலிக்கில் சுருள் முழுவதும் போகாது, ஆனாலும் மறுபடி பின்னலாம். உலர்ந்ததும் சமையலறை டிஜிட்டல் தராசில் மொத்த எடையை எடுத்து, வால்முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள். முதல் கையைப் பின்னி முடித்ததும் அதை மட்டும் நிறுத்துப் பாருங்கள். அது 70 கிராம் என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள நூல் 75 கிராமுக்குக் குறைவாக இருந்தால் இரண்டாவது கையைத் தொடங்காதீர்கள். முதல் கையைப் பிரித்து இரண்டு கைகளையும் ஒரு விரல் குறைத்துப் பின்னுவதா, அல்லது கழுத்துப்பட்டியை வேறு நிறத்தில் போடுவதா என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.