மண்டையோடு டாட்டூ: வாசகர் கேள்விகள்

கே: மேல்கையில் மண்டையோடு போட ஆசை. நான் நல்ல கறுப்பு. படங்களில் பார்க்கிற வெள்ளை எலும்பு என் கையில் வருமா? எவ்வளவு பெரிதாகப் போடலாம்?
– வாசகர், தக்கலை

ப: வெள்ளை மையை நம்பாதீர்கள். மை தங்குவது தோலின் இரண்டாம் அடுக்கில், 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். உங்கள் தோலின் நிறமி அதற்கு மேலே இருக்கிறது. அதனால் வெள்ளை மங்கலாகத்தான் தெரியும், போகப்போக மஞ்சளடிக்கும். எலும்பு தெரிய வேண்டிய இடத்தை மை படாமல் வெறும் தோலாகவே விடச் சொல்லுங்கள். கண்குழியும் மூக்குத்துளையும் முழுக்கறுப்பு. நெற்றிப்பொட்டிலும் கன்ன எலும்புக்குக் கீழுள்ள பள்ளத்திலும் சாம்பல் ஷேடிங். கறுப்புத் தோலில் இதுதான் எடுப்பாக நிற்கும்.

உயரம் 10 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். முதலில் கெடுவது பல்வரிசைதான். கோடுகளுக்கு நடுவே 2 மி.மீ.யாவது இல்லாவிட்டால், சில வருடங்களில் மை பரவி எல்லாம் ஒரே கறுப்புப் பட்டையாகிவிடும். பல்லைச் சுற்றிக் கோடு இழுக்காமல், இடுக்கில் மட்டும் சிறு நிழல் கொடுத்தால் போதும்.

ஸ்டென்சில் (படத்தைத் தோலில் ஒற்றும் தாள்) ஒட்டியதும் கண்ணாடியில் பாருங்கள். கண்குழி ஏறக்குறைய பாதி உயரத்தில் இருக்க வேண்டும். மேலே ஏற்றினால் நெற்றி குறுகிக் குரங்குக் களை வந்துவிடும். மூக்குத்துளை தலைகீழ் இதய வடிவம். அடியில் குறுக்கெலும்பு வைத்தால் அது தொடை எலும்பு: ஒரு முனையில் பந்து, மறுமுனையில் இரண்டு புடைப்பு. இரு முனையும் ஒன்றுபோல இருந்தால் நாய் பிஸ்கட்தான்!

கே: எல்லோரும் போடுகிற மண்டையோடாக இல்லாமல், நம் ஊரோடு ஒட்டிய டிசைன் ஏதாவது?
– வாசகி, கோட்டாறு

ப: சில பாடுபட்ட சுரூபங்களில் (சிலுவையில் தொங்கும் இயேசு சிலைகளில்) சிலுவையின் அடியைக் கவனியுங்கள். மண்டையோடும் குறுக்கெலும்பும் இருக்கும். இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா என்றாலே மண்டையோட்டு இடம். அது ஆதாமின் தலை என்பது மரபு. சிலுவை நீளவாக்கில் இருப்பதால் முன்கையின் உள்பக்கம் பொருந்தும்.

இன்னொன்று, பூ. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குக் கேந்திப்பூ (செண்டுமல்லி) வைப்பார்கள். நமக்கும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். தோவாளைச் சந்தையில் குவிகிற அதே கேந்தியைக் கண்குழியைச் சுற்றி இதழ் இதழாக வைக்கலாம். காளியின் கபால மாலை என்றால் மூன்று தலை போதும். முழங்காலுக்குக் கீழே மட்டும் வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.

கே: விரல்களில் எலும்புக்கூடு போடலாமா? ரப்பர் பால்வெட்டு என் தொழில்.
– வாசகர், குலசேகரம்

ப: விரலில் வேண்டாம். அங்கே தோல் சீக்கிரம் உரிந்து புதுப்பிக்கும். மை திட்டுத்திட்டாகப் போய்விடும். ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் கோடு கசிந்து நீலம் பாரிக்கும். புறங்கையில் உள்ள 5 எலும்புகளை மட்டும் போடுங்கள். முஷ்டி மடக்கி மூட்டுகளைப் பேனாவால் குறித்துவிட்டு, கையைத் தளர விட்டு ஸ்டென்சில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வரைந்த எலும்பு ஒருபக்கம், உங்கள் எலும்பு ஒருபக்கம். புண் ஆறும்வரை ஷீட்டுக்குப் பால் உறைய வைக்கிற ஆசிட் கையில் படக்கூடாது.

கே: போட்டபின் எப்போது கடலுக்குப் போகலாம்?
– வாசகர், குளச்சல்

ப: பொருக்கு தானாக உதிர்ந்து, மேல்தோலின் மினுமினுப்பு போன பிறகு. 2 முதல் 4 வாரம் ஆகும். வெதுவெதுப்பான கடல்நீரில் உள்ள சில கிருமிகள் திறந்த புண் வழியாக ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் கண்டாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். ரத்ததானம் 12 மாதம் கழித்துத்தான்.