சௌவின் மரண தெய்வமா?

கேள்வி: டப்ளினில் வசிக்கிறோம். ஹாலோவீன் எப்படி வந்தது என்று சார்ட் எழுதி வரும்படி மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். ‘சம்ஹைன் என்பது கெல்ட் மக்களின் மரண தெய்வம், அதற்கு நரபலி கொடுத்த இரவுதான் இது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இதை எழுதலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒரு தெய்வமே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் வலான்சி என்ற ராணுவப் பொறியாளர் கிளப்பிவிட்ட பிழை அது. ஐரிஷ் சொற்களுக்கு இஷ்டப்படி வேர் கண்டுபிடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

செய்தியில் ‘சம்ஹைன்’ என்று வந்த சொல்லை ‘சௌவின்’ என்று உச்சரிக்க வேண்டும். ஐரிஷ் மொழியில் இன்றும் நவம்பர் மாதத்தின் பெயர் அதுதான். உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும். அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாள். பொழுது சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும் என்பது அயர்லாந்து, பிரிட்டன் பகுதிகளில் அந்தக் காலத்தில் வாழ்ந்த கெல்ட் மக்களின் கணக்கு. அதனால்தான் நவம்பர் 1க்கு உரிய கொண்டாட்டம் அக்டோபர் 31 மாலையிலேயே ஆரம்பிக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய கெல்ட் பூசாரிகள் எதையும் எழுதி வைக்கவில்லை. சௌவின் பற்றிய ஐரிஷ் கதைகளைப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். குரோம் குரூவாக் என்ற சிலைக்குத் தலைப்பிள்ளைகளைப் பலி கொடுத்ததாக வரும் கதையும் அவர்கள் ஏட்டில் உள்ளதுதான். அந்தச் சிலையை, அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் வீழ்த்தினார் என்று கதை முடிகிறது. எதற்காகச் சொன்னார்கள் என்பது புரிகிறதல்லவா? அப்புறம், கதைகளில் சௌவின் இரவில் பழைய மண்மேடுகள் திறந்து வெளியே வருபவர்கள் பெரும்பாலும் ‘ஷீ’ எனப்படும் மாய மக்கள். நம் ஊர் மோகினி மாதிரியான ஆவிகள் அல்ல.

செத்தவர்களின் நினைவு இந்த நாட்களோடு சேர்ந்ததில் திருச்சபைக்குப் பெரிய பங்கு. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள். அதன் முந்தைய மாலைக்கான பெயரின் சுருக்கமே ஹாலோவீன். அடுத்த நாள், நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். கெல்ட் பண்டிகையை மறைக்கத்தான் நவம்பர் 1ஐத் திருச்சபை பிடித்துக்கொண்டது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சௌவின் கொண்டாடிய அயர்லாந்திலேயே, பழைய திருச்சபை நாட்காட்டி ஒன்றில் புனிதர் நாள் ஏப்ரல் 20 என்றே இருக்கிறது.

ஹாலோவீன் அன்று பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போவது? இறந்தோருக்காக ஜெபிப்பதாகச் சொல்லி ‘ஆன்மா கேக்’ வாங்கிய இங்கிலாந்து வழக்கமும், வேஷம் கட்டிப் போன ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழக்கமும் கலந்தது. அப்போது வாசலில் சொல்லும் ‘டிரிக் ஆர் டிரீட்’ என்ற சொல்லோ 20ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் பிறந்தது. இப்போது பரங்கிக்காயில் முகம் குடைந்து வைக்கும் விளக்கை முதலில் டர்னிப் கிழங்கில்தான் குடைந்தார்கள். பரங்கி அமெரிக்கக் காய். நமக்கும் வெளியிலிருந்து வந்ததுதான் என்பதை அதன் பெயரே சொல்லிவிடும்.

சார்ட்டில் சௌவினை அறுவடை முடிவு, குளிர்காலத் தொடக்கம் என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு டர்னிப் விளக்கு வரையச் சொல்லுங்கள். மேயோ மாவட்டத்து நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்தால் பரங்கியைவிட நன்றாகவே பயமுறுத்தும். நிஜமாகவே குடைவதானால் கத்தி உங்கள் கையில் இருக்கட்டும், டர்னிப் கல் மாதிரி இருக்கும்.