கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இக்வானா வளர்க்கலாமா?

கேள்வி: என் கொழுந்தனார் புதுச்சேரியில் பச்சை இக்வானா என்ற பெரிய பல்லி வகைப் பிராணி ஒன்றை வாங்கி வந்து, மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் உலவ விடுகிறார். அதன் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில்தான் கழுவுகிறார். எட்டு மாதக் குழந்தை தவழ்கிறாள். கடித்தால் விஷம் என்று மாமியார் பயப்படுகிறார். கொழுந்தனாரோ, "நோயும் வராது, வெளிநாட்டுப் பிராணிக்குச் சட்டமும் கிடையாது" என்கிறார். யார் சொல்வது சரி? - வாசகி, கடலூர்

பதில்: மாமியாரின் பயம் நியாயம்தான், காரணம்தான் வேறு. இக்வானா கடித்தால் ஆழமாகக் கிழியும், வாலால் அடித்தால் தடித்துப் போகும். சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டால் போதும். விஷத்தால் உயிர் போகாது.

நான் கவலைப்படுவது அதன் எச்சத்தைப் பற்றித்தான். இக்வானா, ஆமை, பாம்பு போன்றவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சர்வசாதாரணமாக இருக்கும். பிராணி கொழுகொழுவென்று ஆரோக்கியமாகவே தெரியும். கிருமி எச்சத்தில் எப்போதும் வராமல் அவ்வப்போது மட்டும் வெளியேறுவதால், ஒரு தடவை பரிசோதித்து "இல்லை" என்று வந்தாலும் நம்ப முடியாது. கிருமியை ஒழிக்கிறேன் என்று பிராணிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதும் வீண். மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

குழந்தை அதைத் தொடவே வேண்டியதில்லை. அது நடந்த தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைத்தால் போதும். தூக்கி வைத்திருந்த சித்தப்பா கை கழுவாமல் குழந்தையை வாங்கினாலும் போதும். பெரியவர்களுக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். கைக்குழந்தைக்கு ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவலாம். அதனால்தான் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்கிறோம். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டதும் குழந்தைகளுக்கு வந்த இந்தத் தொற்றால்தான். டைபாய்டு ஊசி போட்டாச்சே என்றும் இருந்துவிடாதீர்கள். இதற்கு அது காப்பு இல்லை.

குழந்தைக்குக் காய்ச்சலோடு பேதி, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் இக்வானா இருப்பதை முதலில் சொல்லுங்கள். ரத்தம், மலம் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) பார்க்க அது உதவும். வழியெல்லாம் தாய்ப்பாலும் ஓஆர்எஸ் கரைசலும் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

சட்டம் கிடையாது என்பதும் தவறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (சைட்டிஸ்) உள்ள வெளிநாட்டு உயிரினங்களுக்கும் அது பொருந்தும். பச்சை இக்வானா அந்தப் பட்டியலில் உள்ள இனம். வைத்திருப்பவர் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். மத்தியச் சட்டம் என்பதால் புதுச்சேரியில் வாங்கினாலும் கடலூரில் வளர்த்தாலும் இதேதான். கடைக்காரர் பதிவுத் தாள் கொடுத்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வனத்துறை அலுவலகத்தில் விசாரிக்கட்டும். பயந்துபோய் கெடிலம் ஆற்றங்கரையில் விட்டுவிடக் கூடாது.

வளர்ந்தால் ஐந்தடி தாண்டும் பிராணி இது. குழந்தை இல்லாத, பதிவோடு வளர்க்கக்கூடிய ஒருவரிடம் முறைப்படி மாற்றிக் கொடுப்பதுதான் என் யோசனை. அதுவரை தனி அறையில், கதவு சாத்தியே இருக்கட்டும். தொட்டி கழுவிய தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றச் சொல்லுங்கள். சமையலறைத் தொட்டியை இன்றே பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிவிடுங்கள்.