மஞ்சள் அட்டை சின்ன தண்டனையா?

கேள்வி: 2018 உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் வந்தபோது கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மஞ்சள் அட்டையை மட்டும் தொடவில்லையே! சின்ன தண்டனைதானே என்று விட்டுவிட்டார்களா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஓர் ஆட்டத்தில் மூன்று, நான்கு மஞ்சள் அட்டைகள் சர்வ சாதாரணம். ஒவ்வொன்றையும் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் எப்போது நடப்பது? அதனால் கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு, ஆள் மாறி அட்டை காட்டுவது என்று நான்கு விஷயங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் 'சின்ன தண்டனை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. ஒரு செனகல்காரரிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அதே உலகக் கோப்பைதான். ஜூன் 28, எச் பிரிவின் கடைசி ஆட்டங்கள். சமாராவில் செனகலும் கொலம்பியாவும் மோதின. 17-வது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்குள் செனகலின் சாடியோ மானே விழுந்தார். செர்பிய நடுவர் மிலோராட் மாஜிச் பெனால்டி கொடுத்தார். வீடியோ அறையிலிருந்து காதில் தகவல் வந்தது. ஓரத்தில் இருந்த திரைக்கு ஓடினார், பார்த்தார், ரத்து செய்தார். கொலம்பியாவின் சான்செஸ் பந்தைத்தான் தொட்டிருந்தார். சரியான முடிவு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்புறம் 74-வது நிமிடத்தில் யெர்ரி மினா தலையால் முட்டி கோல் போட்டார். செனகல் 0-1.

அதே நேரத்தில் வோல்கோகிராடில் ஜப்பானும் போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. இந்த இரண்டில் ஓர் அணிதான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். கணக்கைப் பாருங்கள். இரண்டு அணிகளுக்கும் 4 புள்ளிகள். இரண்டுமே 4 கோல் போட்டு 4 கோல் வாங்கியவை. தங்களுக்குள் மோதிய ஆட்டமும் 2-2. எல்லாம் சமம் என்றால் அடுத்து அட்டைகளை எண்ண வேண்டும் என்பது விதி. ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6. இது தெரிந்ததும் ஜப்பான் வீரர்கள், தோற்றுக்கொண்டிருந்த நிலையிலேயே, கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். அரங்கமே கூச்சல் போட்டது. செனகல் ஊருக்குக் கிளம்பியது. உலகக் கோப்பையில் இப்படி அட்டைக் கணக்கில் வெளியேறிய முதல் அணி அதுதான்.

ஜப்பான் பயிற்சியாளர் அகிரா நிஷினோவை அன்று பலர் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். விதி கணக்குப் போடச் சொன்னது, அவர் போட்டார். என் கோபமெல்லாம் விதியின் மேல்தான். செனகலுக்குக் கிடைத்த பெனால்டியைப் பறிக்க வீடியோ வந்தது. செனகலை வெளியே அனுப்பிய ஆறு மஞ்சள் அட்டைகளில் ஒன்றைக்கூட வீடியோவில் பார்க்க வழியில்லை. அந்த ஆறும் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டின் நான்கு வருட உழைப்பை முடித்துவைக்கும் அளவுக்கு அந்த அட்டைக்கு எடை உண்டென்றால், அது சரியா என்று கேட்க ஓர் இடம் வேண்டாமா?

இதில் இன்னொரு கோணலும் இருக்கிறது. 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கும். 28-வது நிமிடத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங் காலைத் தூக்கி, பூட்ஸின் ஆணிகளோடு ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் நெஞ்சிலேயே உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப்புக்கு அது சரியாகத் தெரியவில்லை. மஞ்சளோடு விட்டுவிட்டார். அன்று வீடியோ நடுவர் இருந்திருந்தால் அது சிவப்பாக மாறியிருக்கும். மஞ்சள் போதாது, சிவப்புதான் என்றால் வீடியோ தலையிடலாம். மஞ்சளே தப்பு என்றால் தலையிடக் கூடாது. 2018-ல் எழுதிய விதி இப்படித்தான் இருந்தது. குறைவாகத் தண்டித்தால் திருத்துவோம், அதிகமாகத் தண்டித்தால் கண்ணை மூடிக்கொள்வோம் என்பது என்ன நியாயம்? முதல் மஞ்சளை நடுவரின் கண்ணுக்கே விட்டுவிடுங்கள், சம்மதம். இரண்டாவது மஞ்சள் ஆளை வெளியே அனுப்புகிறது. அதைத் திரும்பப் பார்க்கலாம் என்று முதல் நாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது மஞ்சள் என்றதும் என் பழைய வழக்குக்கு வந்துவிட்டேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும்: சட்டை வழக்கு. கோல் போட்ட சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை. யாரையும் இடிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, இருந்தாலும் மஞ்சள். 2022 டிசம்பர் 2, கத்தாரின் லுசைல் அரங்கம். பிரேசிலுக்கு எதிராக 90 நிமிடம் தாண்டியபின் கேமரூன் அணித் தலைவர் வின்சென்ட் அபூபக்கர் தலையால் முட்டி கோல் போடுகிறார். உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி பிரேசிலை வென்றது அதுதான் முதல் முறை. மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தவர் அவர். அமெரிக்க நடுவர் இஸ்மாயில் எல்ஃபத் சிரித்துக்கொண்டே வந்தார். அபூபக்கரின் கையைக் குலுக்கினார். பிறகு மஞ்சளைக் காட்டினார், அடுத்து சிவப்பையும் காட்டினார். அபூபக்கரும் சிரித்தபடி வெளியே நடந்தார். கை குலுக்கி வாழ்த்திவிட்டு ஆளை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்றால், தப்பு அந்த இருவரிடமும் இல்லை, விதியில் இருக்கிறது. இன்னும் கேளுங்கள்: நீங்கள் கோல் போட்டு, சட்டையைக் கழற்றி, அப்புறம் வீடியோ பார்த்து ஆஃப்சைடு என்று கோலை ரத்து செய்தாலும் அந்த மஞ்சள் மட்டும் ரத்தாகாது. விதியிலேயே அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். கோல் இல்லை, கொண்டாட்டத்துக்குத் தண்டனை மட்டும் உண்டு. இந்த விதியைத் தூக்கும்வரை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

இந்த அட்டை எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1966 உலகக் கோப்பைக் காலிறுதி, வெம்பிளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. மேற்கு ஜெர்மனி நடுவர் ருடால்ஃப் க்ரைட்லைன் அர்ஜென்டினா அணித் தலைவர் ரட்டினை வெளியே போகச் சொன்னார். இவர் பேசுவது அவருக்குப் புரியவில்லை, அவர் பேசுவது இவருக்குப் புரியவில்லை. ரட்டின் நகர மறுத்தார், ஆட்டம் நின்றது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் இருவரையும் நடுவர் எச்சரித்துக் குறித்துக்கொண்டார் என்பது அவர்களுக்கே பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் காரில் போகும்போது டிராஃபிக் சிக்னலைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டை யோசனையைப் பிடித்தார். 1970 மெக்சிகோவில் அது நடைமுறைக்கு வந்தது. நடுவர் என்ன முடிவெடுத்தார் என்பது எந்த மொழிக்காரருக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே வந்த அட்டை.

வீடியோ வந்தபின் அந்தத் தெளிவு போய்விட்டது. நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். யார் என்ன சொல்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று டிக்கெட் வாங்கி வந்தவருக்குத் தெரிவதில்லை. 2023 மகளிர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில், ஜப்பான் நடுவர் யோஷிமி யமஷிதா திரையைப் பார்த்துவிட்டு வந்து, கையால் பந்தைத் தடுத்ததற்குப் பெனால்டி என்று மைக்கில் அரங்கத்துக்கே சொன்னார். கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பேசுவதை நாம் வீட்டிலிருந்தே கேட்கிறோம். கால்பந்து நடுவர் மட்டும் ஏன் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்? வீடியோ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஒருவரை வெளியே அனுப்பும் இரண்டாவது மஞ்சளுக்குக் காரணத்தை அங்கேயே மைக்கில் சொல்லட்டும். பத்து வினாடிக்கு மேல் ஆகாது.