பெல்ட்டுக்குக் கீழே – கடிதம்

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் சத்துவாச்சாரி. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. சின்ன வயதில் கொஞ்ச நாள் பளு தூக்கினேன், மாவட்ட அளவைத் தாண்டவில்லை. எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியபோது ராத்திரியெல்லாம் பட்டாசு வெடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போது பாக்ஸிங் பைத்தியம். பார்ப்பதெல்லாம் போனில்தான்.

ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக உக்ரைனின் உசிக்கும் இங்கிலாந்தின் டுபுவாவும் 2023இல் மோதிய சண்டையைப் பற்றி எங்கள் செட்டில் பெரிய சண்டையே நடந்துவிட்டது. ஐந்தாவது ரவுண்டில் டுபுவா விட்ட குத்தில் உசிக் சுருண்டு விழுந்தார். ரெஃப்ரி அதை லோ ப்ளோ, அதாவது இடுப்புக்குக் கீழே விழுந்த தப்பான அடி, என்று சொல்லி ஓய்வு கொடுத்துவிட்டார். நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கிளவுஸ் படுவது பெல்ட்டின் மேல்தான். பளு தூக்குவதில் மூன்று நடுவர்கள் இருக்கிறார்கள், மூன்றில் இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால்தான் தூக்கியது கணக்கு. அதற்கு மேல் ஜூரி வேறு. இங்கே உலகப் பட்டத்தையே ஒரே ஆள் கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார். காசு வாங்கியிருப்பார் என்கிறான் என் நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. என் அக்கா மகனுக்கு 13 வயது. பாக்ஸிங் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ‘படக்கூடாத இடத்தில் பட்டால் என்ன ஆவது’ என்று அக்கா பயப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

கு., வேலூர்

அன்புள்ள தம்பி கு.,

நீங்கள் நிறுத்திப் பார்த்த அந்தப் படத்தை நானும் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அதில் தெரிவது துணி. விதி சொல்லும் கோடு துணியில் இல்லை, உடம்பில் இருக்கிறது. தொப்புள் மட்டத்தில், இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிப் போகும் ஒரு கற்பனைக் கோடு அது. டிரங்க்ஸை, அதாவது சண்டைக்குப் போடும் கால்சட்டையை, நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டால் கோடும் கூடவே ஏறிவிடாது. அதனால்தான் சண்டைக்கு முன்பு டிரஸ்ஸிங் ரூமில் ரெஃப்ரி வந்து, ‘இதற்கு மேல் சரி, இதற்குக் கீழ் தப்பு’ என்று தொட்டுக் காட்டிவிட்டுப் போவார். உயரக் கட்டியிருந்தால், பெல்ட்டின் எந்த இடம் வரை அடி செல்லும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவார்.

சரி, 2023 ஆகஸ்ட் 26, போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப். என் கண்ணுக்கு டுபுவாவின் குத்து அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தது. நான் ரெஃப்ரியாக இருந்து, சோபாவில் சாய்ந்தபடி பத்து முறை ஓட்டிப் பார்க்கும் வசதியும் இருந்திருந்தால், அடி செல்லும் என்று ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பித்திருப்பேன். அன்றைய ரெஃப்ரி லூயிஸ் பாபோனுக்கு ஒரு நொடி கிடைத்தது, ஒரே ஒரு கோணம் கிடைத்தது. லோ ப்ளோ என்றார். அப்படிச் சொன்னால் அடிபட்டவருக்கு ஐந்து நிமிடம் வரை ஓய்வு உண்டு. உசிக் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார். அடி செல்லும் என்றிருந்தால் பத்து எண்ணுவதற்குள் அவர் எழுந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் செட்டின் சண்டை முழுவதும் இருக்கிறது. ஒன்பதாவது ரவுண்டில் உசிக் நாக் அவுட்டில் ஜெயித்தார். டுபுவா தரப்பு முறையிட்டுப் பார்த்தது, முடிவு மாறவில்லை. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் மறுபடி மோதினார்கள். அதிலும் உசிக்தான், அதுவும் ஐந்தாவது ரவுண்டிலேயே. இதை வைத்து ‘பார்த்தாயா, முதல் தீர்ப்பும் சரிதான்’ என்று சிலர் சொல்கிறார்கள். அது வெட்டிப் பேச்சு. இரண்டு வருடம் கழித்து விழுந்த அடி முதல் அடியை மேலேயோ கீழேயோ நகர்த்தாது.

ஆனாலும் பாபோன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ரெஃப்ரியை ஒற்றைக் குத்தை வைத்து எடைபோடக் கூடாது, அன்றைய சண்டை முழுவதும் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கேட்டால் உங்களுக்கு இன்னொரு சண்டையைக் காட்ட வேண்டும். நேரம் கிடைத்தால் முழுதாகப் பாருங்கள்.

2011 ஆகஸ்ட் 13, லாஸ் வேகாஸ். ஐபிஎஃப் என்ற அமைப்பு தரும் பாண்டம்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்துக்காக கானா நாட்டு ஜோசப் அக்பெகோவும் மெக்சிகோவின் அப்னர் மாரெஸும் மோதினார்கள். ரெஃப்ரி ரஸ்ஸல் மோரா. மாரெஸ் முதலிலிருந்தே இடுப்புக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தார். மோரா வாயால் எச்சரித்தார், மறுபடி எச்சரித்தார், மறுபடியும் எச்சரித்தார். ஒரு புள்ளிகூடக் கழிக்கவில்லை. பதினொன்றாவது ரவுண்டில் மாரெஸ் விட்ட குத்து, பெல்ட்டைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாத அளவுக்குக் கீழே போய் நேராகக் கவட்டையில் விழுந்தது. அக்பெகோ வலியில் மண்டியிட்டார். சில அடி தூரத்தில் நின்ற மோரா அதை நாக் டவுன், அதாவது செல்லும் அடியில் விழுந்தது, என்று எண்ணத் தொடங்கினார். ஒரு ஜட்ஜ் 113-113 என்று சமமாகப் போட்டார், மற்ற இருவரும் 115-111 என்று மாரெஸுக்குப் போட்டார்கள். பட்டம் கைமாறியது. இங்கே ஒரு குத்தைத் தவறாகப் பார்த்தது மட்டும் பிரச்சினை இல்லை. புள்ளி போகாது என்று மாரெஸுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. செலவில்லாத தப்பை யார்தான் நிறுத்துவார்கள்? அந்தப் பதினொன்றாவது ரவுண்டு குத்தை மோரா நான்காவது ஐந்தாவது ரவுண்டிலேயே அனுமதித்துவிட்டார் என்றுதான் நான் சொல்வேன். ஐபிஎஃப் மறுசண்டைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மாரெஸ் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்தார். திறமைக்காரர்தான், அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நெவாடாவில் அப்போதே ரீப்ளே பார்க்கும் விதி இருந்தது. ஆனால் காயத்தால் சண்டை நின்றுபோனால், அந்தக் காயம் தப்பான அடியால் வந்ததா என்று பார்க்க மட்டும்தான் அது. நாக் டவுன் என்று எண்ணி, அடிபட்டவர் எழுந்து, சண்டையும் தொடர்ந்துவிட்டால் திரும்பிப் பார்க்க வழியில்லை. உங்கள் ஜூரி யோசனைக்கு இங்கேதான் முட்டுக்கட்டை. பளு தூக்குவதில் பாரைக் கீழே போட்ட பிறகு எல்லாம் முடிந்துவிட்டது. முழங்கை மடங்கி நிமிர்ந்த ‘பிரஸ் அவுட்’டா இல்லையா என்று ஜூரி நிதானமாக உட்கார்ந்து பேசலாம். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பாரின் எடை கூடப்போவதில்லை. குத்துச்சண்டையில் அப்படி நிறுத்திவைத்துப் பார்த்தால் யாருக்கு லாபம்? அடி வாங்கித் தலை சுற்றிக்கொண்டிருப்பவருக்கு. டிவியில் பார்க்கும் ஒரு நிமிடத்தில் அவர் மூச்சு வாங்கிவிடுவார், எதிராளியின் கஷ்டமெல்லாம் வீண். எந்த மூலைக்காரரும் கோச்சும் அந்த ஒரு நிமிடத்துக்காகப் பொய்ப் புகார் கொடுக்கக் கற்றுக்கொள்வார்கள். அதனால் ரவுண்டுக்கு நடுவில் வேண்டாம் என்பேன். இரண்டு ரவுண்டுக்கு இடைப்பட்ட அந்த ஒரு நிமிடம் எப்படியும் ஓய்வு நேரம்தானே. அதில் இன்னொருவர் வீடியோவைப் பார்த்து, ‘அது நாக் டவுன் இல்லை, ஜட்ஜ்கள் தாளில் திருத்துங்கள்’ என்று சொல்வதில் என்ன கெட்டுப்போகிறது? அக்பெகோவுக்கு அந்த ஒரு தவறாவது திருத்தப்பட்டிருக்கும்.

இதற்கு நேரெதிர் கதை ஆண்ட்ரூ கோலோட்டா. 1996 ஜூலையில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ரிடிக் போவைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். புள்ளியிலும் முன்னால்தான். ஆனால் கை அடிக்கடி கீழே போயிற்று. ரெஃப்ரி வேய்ன் கெல்லி எச்சரித்தார், பிறகு மூன்று முறை புள்ளி கழித்தார். ஏழாவது ரவுண்டில் மறுபடி அடித்ததும் தகுதி நீக்கம் செய்துவிட்டார். ரிங்குக்குள்ளும் அரங்கத்திலும் நாற்காலி பறந்த கலவரம் நடந்தது. டிசம்பரில் மறுசண்டை, வேறு ரெஃப்ரி, மறுபடி கோலோட்டாதான் முன்னால், மறுபடி அதே இடத்தில் அடி, ஒன்பதாவது ரவுண்டில் மறுபடி தகுதி நீக்கம்! கெல்லியின் மீது பழி போட்டவர்கள் இரண்டாவது சண்டைக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. எச்சரிக்கை, புள்ளி, வெளியேற்றம் என்று படிப்படியாகப் போன ரெஃப்ரியை எந்தக் கூட்டம் கத்தினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு புள்ளி கழிப்பதில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். நம் விஜேந்தர் சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்டில் மும்பையில் சீன வீரர் சுல்பிகர் மைமைதியாலியோடு பத்து ரவுண்டு. சுல்பிகரின் குத்துகள் இடுப்புக்குக் கீழே விழுந்து விஜேந்தர் வலியில் துடித்த சண்டை அது. முடிவு 96-93, 95-94, 95-94. கூட்டிப் பாருங்கள். ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்று பத்து ரவுண்டுக்கும் போட்டால் இருவருக்கும் சேர்த்து 190 வர வேண்டும். மூன்று தாளிலும் 189தான் வருகிறது. யாரும் நாக் டவுன் ஆகிப் புள்ளி இழக்கவில்லை. குறைந்தது லோ ப்ளோவுக்காகக் கழித்த அந்த ஒரு புள்ளி. அதைக் கழிக்காமல் விட்டிருந்தால் இரண்டு தாள்கள் 95-95. சண்டை சமன் என்றுதான் அறிவித்திருப்பார்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதரை லஞ்சம் வாங்கினவர் என்று டீக்கடையில் சொல்லலாம், எழுத முடியாது. உங்கள் நண்பரின் சந்தேகத்தில் பாதி நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. ரெஃப்ரிக்கும் ஜட்ஜ்களுக்கும் போகும் கூலி பெரும்பாலும் அந்தச் சண்டையை நடத்தும் ப்ரமோட்டரின் பையிலிருந்துதான், ஆணையத்தின் வழியாக வருகிறது. பட்டம் தரும் அமைப்புகளுக்கு வீரர்களின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு. பெரிய பெயர் தோற்றால் அடுத்த சண்டையின் வசூல் குறையும் என்பது அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் கவர் கொடுக்க வேண்டியதில்லை. நம் பக்கத்து எருது விடும் விழாவில் வினாடிக் கணக்கு வைத்திருப்பவரைச் சுற்றி மாட்டுக்காரர்கள் நிற்பார்களே, அவர் யாரிடமும் பைசா வாங்கியிருக்க மாட்டார், ஆனாலும் எந்த ஊர்க்காரர் எவ்வளவு சத்தமாகக் கேட்பார் என்பது அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டனில் பட்டமில்லாத சண்டைகளில் பெரும்பாலும் ரெஃப்ரி ஒருவரேதான் புள்ளியும் போடுகிறார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காத ஏற்பாடு.

நொடிக்கணக்கில் வந்த தீர்ப்புகள் எல்லாமே தவறு என்றும் நினைக்காதீர்கள். 1990 மார்ச் 17 அன்று சாவேஸிடம் மெல்ட்ரிக் டெய்லர் அடி வாங்கிக் கீழே விழுந்து எழுந்தபோது கடைசி ரவுண்டில் சில நொடிகள்தான் மீதி. இரண்டு ஜட்ஜ்களின் தாளில் அவர் முன்னால் இருந்தார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தன் மூலையைப் பார்த்தார். இரண்டு நொடி மீதி இருக்கும்போது ஸ்டீல் சண்டையை நிறுத்திவிட்டார். இன்றும் அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. டெய்லர் அன்றிரவு மருத்துவமனைக்குத்தான் போனார். கடிகாரத்தைப் பார்ப்பது ரெஃப்ரியின் வேலை இல்லை, கண்ணைப் பார்ப்பதுதான்.

உங்கள் அக்காவுக்கு. 1930 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில் ஷ்மெலிங் கவட்டையில் அடி வாங்கி எழ முடியாமல் கிடந்து, அப்படியே ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். எதிராளி ஷார்க்கி தகுதி நீக்கம். தகுதி நீக்கத்தால் அந்தப் பட்டம் வாங்கியது அவர் ஒருவர்தான். அந்தக் கேலிக்கூத்துக்குப் பிறகுதான் லோ ப்ளோவால் சண்டை ஜெயிக்க முடியாது என்று நியூயார்க் விதியை மாற்றியது, இடுப்புக் காப்பும் ரிங்கில் நிலைத்தது. இப்போது ஆண்கள் பிரிவில் அமெச்சூர் சண்டைக்கும் காப்பு கட்டாயம். பையன் வயதுக்கு ஹெட்கார்டும் உண்டு.

சேர்த்துவிடுங்கள். ஆனால் முதல் நாளே கிளவுஸுக்கு முன்பு அந்த இடுப்புக் காப்பை, கடைக்காரர் மொழியில் கார்ட், வாங்குங்கள். கிரிக்கெட் கார்ட் போதும் என்று கடைக்காரர் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பந்துக்குத்தான். பாக்ஸிங் கார்ட் அடிவயிற்றையும் இடுப்பெலும்பையும் சேர்த்து மூடும், பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை இருக்கும். போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நகர்ந்தால் அளவு பெரிது. அதன் மேல்விளிம்பு தொப்புளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நாளைக்கு அவன் வயிற்றில் விழும் நல்ல குத்தையும் ரெஃப்ரி லோ ப்ளோ என்று சொல்லிவிடுவார். அது அவனுக்கு லாபம்தான், ஆனால் அப்படிப் பழகினால் வயிற்றை மூடக் கற்றுக்கொள்ளவே மாட்டான். அப்புறம் பயிற்சியாளர் ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையில் கார்ட் இல்லாமல் இறக்கிவிடுகிறாரா என்று ஒரு வாரம் போய் நின்று பாருங்கள். இறக்கிவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.