கிறிஸ்தவத்தின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் மரணத்தோடு, எருசலேமின் ஆதிக் கிறிஸ்தவ சபைக்கு நேர்ந்த துன்புறுத்தல் முடிந்துவிட்டதா?

முடியவில்லை, புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தின்படி, சபைக்குப் பெருந்துன்பம் தொடங்கியதே அந்நாளில்தான். மோசேக்கும் தேவனுக்கும் எதிராகத் தூஷணம் பேசினார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஸ்தேவானை நகருக்குப் புறம்பே தள்ளிக் கல்லெறிந்தபோது, சாட்சிக்காரர்கள் தங்கள் மேலாடைகளைச் சவுல் என்னும் வாலிபரின் பாதத்தருகே வைத்தார்கள். அதே சவுல் (பிற்காலத்துப் பவுல் இவரே) பின்னர் வீடுவீடாக நுழைந்து, ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று காவலில் அடைத்தார். சபையின் தலைவர்களான அப்போஸ்தலர்கள் தவிர மற்ற விசுவாசிகள் யூதேயாவிலும் சமாரியாவிலும் சிதறினார்கள். இந்தச் சிதறலின் விளைவே என் பார்வையில் மிகவும் கவனிக்கத்தக்கது: சிதறியவர்களில் சிலர் பெனிக்கே (பெனீசியா), சீப்புரு (சைப்ரஸ்), சிரியாவின் அந்தியோகியா வரை சென்று வசனத்தை அறிவித்தார்கள், சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியதும், 11ஆம் அதிகாரம் சொல்வதுபோல், அந்த அந்தியோகியாவில்தான்.